புளியமரத்தடி நிறுத்தம்

எங்கள் பக்கத்தில் அழுவதற்கும் நடைமுறை உண்டு. அது எழுதி வைக்கப்படாத நடைமுறை என்பதால் மீறுகிறவர்கள் குறைவு. எழுதி வைத்த விதிகளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

சாவு வீட்டுக்கு வருகிற பெண் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்து, குரலையும் அவிழ்த்துவிட்டுக்கொண்டு வருவாள். வாசலில் இருப்பவளைக் கட்டிக்கொண்டு, இறந்தவரைப் பற்றித் தெரிந்ததையும் தெரியாததையும் ராகம் போட்டுச் சொல்லி அழுவாள். ஆண்கள் வெளியே பந்தலில் இருப்பார்கள். வருகிற ஆண் பேசாமல் இரண்டு கைகளையும் நீட்டுவான். இறந்தவரின் மகனோ தம்பியோ அந்தக் கைகளைத் தொட்டுவிடுவான். துக்கம் கொடுக்கப்பட்டது, பெற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு மழையைப் பற்றிப் பேசலாம். ஆணுக்குக் கண் கலங்கினால் தவறில்லை, துண்டால் துடைத்துக்கொள்ளலாம். வியர்வையையும் அதே துண்டால்தான் துடைக்கிறோம் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் போனால், “என்னடா, பொட்டச்சி மாதிரி” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் எல்லா ஊரிலும் தயாராக ஒருவரிடம் இருக்கும்.

இந்த நடைமுறையை என் மச்சான் மீறினார். அதனால் அவருடைய டிரைவர் லைசென்ஸ் பறிபோகப் பார்த்தது. யுத்தம் முடிந்த மறு வருஷம் அது.

மச்சான் என்றால் என் அக்காவின் புருஷன். யுத்தத்துக்கு முன்பே புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்குப் பஸ் ஓட்டியவர். பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம், பர்மா மலைப்பாதைகளில் லாரி ஓட்டினார். திரும்பி வந்ததும் பழைய முதலாளி கூப்பிட்டு அதே பஸ்ஸைக் கொடுத்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியின் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டுப் புகைய வைத்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். பெண்கள் உட்கார்ந்திருக்கலாம். ஆணாகப் பிறந்ததன் சலுகைகளில் அதுவும் ஒன்று.

நான் சமஸ்தானத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது இருபத்தைந்துகூட இல்லை, ஆனால் நடைமுறையில் எனக்கு அப்போதே அறுபது. ஓய்வு பெறும் வயதில் சேர்ந்தவன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எங்கே தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அக்காவுக்கு இதில் பெருமை. “எந்தம்பி நெனச்சா கெணத்தையே இங்கிட்டிருந்து அங்கிட்டு மாத்தி எழுதிருவான்” என்று பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருந்தாள்.

மச்சான் வந்து கொஞ்ச நாளில் பேச்சு கிளம்பியது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் அழுகிறார் என்றார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. அவர் ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. கரி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிப் போடுகிறவர். அப்படிப்பட்டவர் அழுகிறார் என்றால் காரணம் அவருக்குள் இருக்க முடியாது, வெளியிலிருந்துதான் ஏதோ வந்திருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது.

ஒரு சாயங்காலம் கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். இந்தக் கோடாங்கியை நான் முன்பே அறிவேன். அதற்கு முந்தின மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண் இப்படித்தான் காரணமில்லாமல் அழுதாள். அவள் தலைமுடியைப் பிடித்து, வேப்பங்குலையால் அடித்து, “யாருடி நீ? எந்தப் பக்கத்திலேருந்து வந்தே?” என்று கேட்டார். அதே ஆள், அதே உடுக்கை. மச்சானுக்கு முன்னால் மட்டும் குரல் இறங்கியது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, “எந்த எல்லைச் சாமி வந்திருக்கீங்கன்னு சொல்லணும்” என்றார்.

மச்சான் சொன்னார்: “நான் டிரைவருங்க.”

கோடாங்கி அசரவில்லை. சாமி வாய் திறக்க நாளாகும் என்றார். ஊர்ப் பெரியவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய சாமியாடி காலமாகி, அந்த இடம் காலியாகவே கிடந்தது. எல்லா ஆபீஸ்களிலும் காலியிடத்தைப் பார்த்தால் ஒரு ஆளைப் பிடித்துப் போடத் தோன்றும். கோயிலும் விலக்கல்ல.

“வேட்டி உண்டு, மொத மரியாதை உண்டு, கெடாத் தலை உண்டு” என்று அக்காவிடம் சொன்னார் பெரியவர்.

“கெடாத் தலைய வச்சு வருசம் பூரா ஒலை வைக்க முடியுமா மாமா? சம்பளம் எம்புட்டு?”

“சாமிக்கு எதும்மா சம்பளம்? ஆம்பளைக்கு வந்தா அது சாமி. தட்டக் கூடாது.”

“பொம்பளைக்கு வந்தா?”

“அது பேயி.”

“ரெண்டு பேரு கண்ணுலயும் வாரது ஒரே தண்ணிதானே மாமா?”

பெரியவர் என்னைப் பார்த்தார். படித்தவன், எடுத்துச் சொல்லு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் அண்ணாந்து ஓட்டுச் சரிவில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தேன்.

ஊர் கைவிரித்தால் ஆஸ்பத்திரி. மச்சானை டாக்டரிடம் அழைத்துப் போனேன். சென்னையில் படித்தவர். நாடியைப் பிடித்து, முழங்காலைத் தட்டி, கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார்.

“இது ஹிஸ்டீரியா மாதிரி இருக்கு. ஆனா ஹிஸ்டீரியா இல்லை.”

“எப்படிச் சார் சொல்றீங்க?”

“அது பொம்பளைங்க வியாதி. கர்ப்பப்பை இருக்கறவங்களுக்குத்தான் வரும்.”

“அப்ப இவருக்கு என்ன சார்?”

“ஒண்ணுமில்லை. நடிக்கிறார்.”

வெளியே வந்தபோது மச்சான் முதல் தடவையாகச் சிரித்தார். “பட்டாளத்து ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைக்கார ஆபீசர் பக்கத்துக் கொட்டகையில படுத்துக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுவாருடா. அவருக்கு நரம்புத் தளர்ச்சின்னு லீவு குடுத்து ஊருக்கு அனுப்புனாங்க. நம்மாளு ஒருத்தன் அழுதான். அவனுக்குப் பேதி மருந்து குடுத்தாங்க” என்றார்.

ஒரே கண்ணீருக்கு எங்கள் ஊர் சாமி என்றது, ஆஸ்பத்திரி நடிப்பு என்றது, பட்டாளம் வயிற்றுக் கோளாறு என்றது. பஸ் முதலாளி மட்டும் பைத்தியம் என்றார். அவர் சொன்னதோடு நிற்காமல், சித்தம் சரியில்லாத ஆளிடம் லைசென்ஸ் இருப்பது ஆபத்து என்று அதிகாரிக்கு மனுவும் கொடுத்துவிட்டார். விசாரணை நாளுக்கு ஓலை வந்தது. விசாரணை முடிந்ததும் மச்சான் வண்டியைத் தொடக்கூடாது என்று முதலாளி வாயாலேயே கேள்விப்பட்டோம். தீர்ப்பை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தார் அவர்.

அன்று மச்சான் சாப்பிடவில்லை. “ஸ்டியரிங்கைப் பிடிக்காட்டி எனக்குக் கை எதுக்குடா” என்று மட்டும் சொன்னார். அவர் சாமியாடியாகவோ பைத்தியமாகவோ மிச்ச நாளைக் கழிக்க வேண்டும் என்பதுதான் நிலவரம்.

இத்தனை பேரும் மச்சான் எப்போது அழுகிறார் என்றே கேட்டோம். கோடாங்கி அமாவாசையா என்று கேட்டார். டாக்டர் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றார். நான் என் பங்குக்கு நாள்வாரியாக விவரம் எடுக்கலாமா என்று யோசித்தேன். அக்காதான் எங்கே என்று கேட்டாள். எங்களிடம் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அறந்தாங்கிச் சந்தைக்குப் போகிறவள் மாதிரி மச்சானுடைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். டிக்கெட் வாங்கினாள். அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். பிற்பாடு அவள் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அறந்தாங்கிக்குச் சற்று முன்னால் கடற்கரைக்கு ஒரு பாதை பிரிகிறது. பிரிகிற இடத்தில் ஒரு புளியமரம் உண்டு. அங்கே ஊர் கிடையாது. மச்சான் வேகத்தைக் குறைத்தார், வண்டியை ஓரம் கட்டினார், பிரேக்கை இழுத்தார், இறங்கிச் சக்கரத்துக்கு அண்டைக் கல் வைத்தார். பிறகு மரத்துக்குப் பின்னால் போனார்.

“டிரைவரு ஒண்ணுக்குப் போயிருக்காராப்பா?” என்று ஒரு புது ஆள் கேட்டிருக்கிறார்.

“இல்லீங்க. அழுகப் போயிருக்காரு” என்றாராம் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.

அக்கா இறங்கிப் போனாள். மச்சான் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது, சத்தமே இல்லை. அவள் வந்ததற்கு அவர் கோபிக்கவில்லை.

“இந்தப் பாதை எங்க போகுது?” என்று கேட்டாள்.

“கடலுக்கு.”

“அங்க யாரு இருக்கா?”

பட்டாளத்தில் மச்சானோடு ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர் கடற்கரை ஊர்க்காரர், முஸ்லிம். மச்சான் தூங்கும்போது அவர் ஓட்டுவார், அவர் தொழும்போது மச்சான் காவலுக்கு நிற்பார். ஒரு நாள் மச்சானுக்குக் குளிர் ஜுரம். அவருடைய முறையையும் சேர்த்து நண்பரே ஓட்டப் போனார். மழையில் மலை சரிந்து, பாதையோடு லாரியும் போயிற்று. வீட்டுக்குத் தந்தி போய்விட்டது. ஆனால், ரெண்டு பேரில் எவன் திரும்பினாலும் அடுத்தவன் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மச்சான் போகவில்லை.

“ஏன் போகலை?”

“கேதம் சொல்லப் போறவன் அழுதுக்கிட்டா போவான்? கையை நீட்டிட்டு, நடந்ததைச் சொல்லிட்டு வரணும். என்னால முடியாதுடி. அந்தப் பாதையப் பாத்தாலே இப்படி ஆயிருது.”

அக்கா கூடையோடு அறந்தாங்கி வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் என்னிடம், “வெள்ளிக்கெழமை லீவு போடு. கடக்கரைக்குப் போறோம்” என்றாள். விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. விசாரணைக்கு முன் வெளியூர் போவது நல்லதல்ல என்றேன். “ஒன் நல்லதை நீயே வச்சுக்க” என்றாள்.

வழியெல்லாம் மச்சான் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நீட்டப் பழகுகிறார் என்று புரிந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத பையனின் வீடு எது என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பையனின் வாப்பா வெளியே வந்தார். வெள்ளைத் தாடி, கடல் காற்றில் காய்ந்த முகம். மச்சான் தான் யாரென்று சொல்லவில்லை. எங்கள் வழக்கப்படி இரண்டு கைகளையும் நீட்டினார்.

வாப்பா அந்தக் கைகளைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து மார்போடு சேர்த்து இழுத்து அணைத்துக்கொண்டார். மச்சான் பலகை மாதிரி நின்றார். எங்கள் ஊரில் மீசை முளைத்த பிறகு ஒரு ஆணை இன்னொரு ஆண் கட்டிப்பிடிப்பது மல்யுத்தத்தில்தான். வாப்பா விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பலகை வளைந்தது. மச்சானின் ஆறடியும் அந்தக் கிழவரின் தோளில் இறங்கியது. எப்போதும் போலச் சத்தமில்லாமல் அழுதார். வாப்பாவும் அழுதார். அவரும் சத்தமில்லாமல்தான்.

“மன்னிச்சிருங்கய்யா. ஆம்பளையா நின்னு சொல்லணும்னு வந்தேன்” என்றார் மச்சான், குரல் திரும்பியதும்.

“எங்கள்ல கண்ணீருக்குத் தடை இல்லை தம்பி. அது அல்லா மனசுல வச்ச இரக்கம். கூச்சல் போடுறதுதான் கூடாது, ஆம்பளையா இருந்தாலும் பொம்பளையா இருந்தாலும்.”

“அன்னைக்கு என் முறைங்க. எனக்குக் காய்ச்சல்னு உங்க மகன் போனாரு.”

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “காய்ச்சக்காரனை மலையில வண்டியோட்ட விட்டுட்டு எம்மவன் படுத்திருந்தா, அதைத்தான் தம்பி நான் ஆம்பளைத்தனம் இல்லைன்னு சொல்லுவேன்.”

உள்ளே அக்காவுக்கு வேறு சோதனை. நண்பருடைய உம்மாவைப் பார்த்ததும் நம் வழக்கப்படி தலைமுடியில் கை வைத்து, ஒப்பாரியின் முதல் அடியை எடுக்க வாயைத் திறந்திருக்கிறாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து, “சத்தம் வேணாம் கண்ணு. அழு” என்றாராம். திரும்பும் வழியில் அக்கா ஆச்சரியம் தீராமல் கேட்டாள்.

“சத்தம் போடாம அழுகுறது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா? நீங்க இதை எங்க கத்துக்கிட்டீங்க?”

“அவன்கிட்டதான். அவன் தங்கச்சி இறந்துட்டதாச் சேதி வந்தப்ப, லாரியில பக்கத்துல உக்காந்து ஒரு ராத்திரி பூரா அப்படித்தான் அழுதான். நான் ஓட்டிக்கிட்டே வந்தேன்” என்றார் மச்சான்.

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது. எங்கள் ஊரில் பெண்கள் சத்தம் போடலாம், ஆண்கள் கண்ணீர் விடக்கூடாது. கடற்கரையில் யாரும் கண்ணீர் விடலாம், யாரும் சத்தம் போடக்கூடாது. மச்சான் நண்பனுக்காக நண்பனுடைய வழக்கப்படி துக்கம் காத்திருக்கிறார், ஒரு பிசகும் இல்லாமல். அதை எங்கள் ஊர் விதியை வைத்து அளந்ததால் பைத்தியம் என்று கணக்கு வந்தது. தவறான சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகியிருந்தது, அவ்வளவுதான். எனக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்த வேலை.

விசாரணைக்கு அதிகாரி, டாக்டர், முதலாளி மூவரும் வந்தார்கள். நான் எதிர்மனுதாரரின் உறவினன் என்ற முறையில் பேச அனுமதி கேட்டேன். விதியில் இடமிருந்தது. இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன்.

முதல் ஆட்சேபணை: புளியமரம் இருப்பது பிரிட்டிஷார் ஆளும் தஞ்சாவூர் ஜில்லாவில். சமஸ்தான எல்லைக்கு வெளியே சிந்திய கண்ணீரைச் சமஸ்தான அதிகாரி விசாரிக்க முடியுமா?

“லைசென்ஸ் நம்முடையது” என்று அதிகாரி தள்ளுபடி செய்தார். எதிர்பார்த்ததுதான். முதல் ஆட்சேபணை தள்ளுபடி ஆவதற்காகவே எழுப்பப்படுகிறது. ஒன்றைத் தள்ளிய அதிகாரிக்கு அடுத்ததை ஏற்கும் மனம் வந்துவிடும்.

அடுத்து டாக்டர். “இந்த வியாதி ஆண்களுக்கு வராது என்று சொன்னீர்களே, அது சரிதானே சார்?”

“வரவே வராது.”

“வேறு வியாதி?”

“கிடையாது. நடிப்பு.”

அதிகாரியிடம் திரும்பினேன். “டாக்டர் அவர்கள் சொல்கிறபடி இவருக்கு வியாதி எதுவும் இல்லை. வியாதி இருந்தால் லைசென்ஸை ரத்து செய்யலாம் என்று விதி இருக்கிறது. நடிக்கிறவர்கள் வண்டி ஓட்டக்கூடாது என்று விதி இல்லை.”

டாக்டர் வாயைத் திறந்தார். ஆண்களுக்கும் வரும் என்று சொன்னால் அவர் படித்த படிப்பு போய்விடும். மூடிக்கொண்டார். அதிகாரி மீசையைத் தடவுவது போல் வாயை மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

முதலாளி எழுந்தார். “பொம்பளை மாதிரி அழுகுறவன் கையில அம்பது உசிரை எப்படிங்க குடுக்குறது? எங்கிட்ட இன்னொரு டிரைவர் இருக்கான். சிங்கம்.”

சிங்கம் போன மாரிக்காலத்தில் வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கியதை நான் நினைவுபடுத்தினேன். அழாமல்தான் இறக்கினார் என்றும் சொன்னேன்.

அதிகாரி மச்சானைப் பார்த்து நேரடியாகக் கேட்டார்: “இனிமே அழ மாட்டேன்னு எழுதித் தர முடியுமா?”

இந்தக் கேள்விக்கு நான் தயார் செய்திருந்த பதில், “முடியும்” என்பது. மச்சான் அதைச் சொல்லவில்லை.

“முடியாதுங்க. அழுகை வந்தா அழுவேன். ஆனா வண்டியை ஓரம் கட்டி, பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டுத்தான் அழுவேன். இதுவரைக்கும் அப்படித்தான் செஞ்சிருக்கேன்.”

அப்போது கதவோரம் நின்றிருந்த வெள்ளைத் தாடிக்காரர் சபைக்குச் சலாம் சொல்லி முன்னால் வந்தார். அக்கா உம்மாவிடம் விசாரணையைப் பற்றிச் சொல்லியிருந்தாள், ஆனால் அவர் வருவார் என்று எனக்கே தெரியாது. நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டார்.

“இவரு யாருக்காக அழுகுறாரோ, அந்தப் புள்ளையோட வாப்பா. எங்க ஊரு ஆளுக வழக்குக்கும் ஏவாரத்துக்கும் புதுக்கோட்டை வாரவுக. இனி இவரு ஓட்டுற வண்டியிலதான் வருவோம்னு பேசியிருக்கோம். அதைச் சொல்லிட்டுப் போக வந்தேன்.”

வியாபாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளிக்குச் சித்தம் தெளிந்தது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். அதிகாரி விடவில்லை. வண்டியை நிறுத்தத் தெரிந்தவனே ஓட்டத் தகுதியானவன் என்று உத்தரவில் எழுதச் சொன்னார். நான் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். அவ்வளவு நல்ல வாக்கியத்தை எந்த உத்தரவிலும் பிறகு பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் மச்சான் என் இரண்டு தோள்களையும் பிடித்து, விசாரணை நடந்த கச்சேரி வாசலில், எல்லார் முன்னாலும், கடற்கரை முறைப்படி அணைத்துக்கொண்டார். நான் பலகை மாதிரிதான் நின்றேன். பழக்கமில்லை. அக்கா சிரித்தாள்.

அடுத்த நாள் முதல் டிரிப்பில் நானும் ஏறினேன். புளியமரம் வந்தது. மச்சான் ஓரம் கட்டினார், கல் வைத்தார். பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு கிழவி, “போய் அழுதுட்டு வாய்யா. நாங்க எங்க போகப் போறோம்” என்றாள்.

மச்சான் மரத்தடிக்குப் போனார். அங்கே கடற்கரையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கிய நாலைந்து பேர் மூட்டைகளோடு நின்றார்கள், திரும்பி வரும் பஸ்ஸுக்காக. அவர்களிடம் ஏதோ பேசினார். ஒருவர் சிரித்தார். மச்சானும் சிரித்தார். திரும்பி வந்து கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, “இன்னைக்கு வரலை ஆத்தா” என்று கிழவியிடம் சொல்லி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அன்றே எனக்கு யோசனை உதித்தது. ஊரே இல்லாத இடத்தில் நிறுத்தம் கேட்டால் தர மாட்டார்கள். ஏறுவதற்கு ஆள் இருந்தால் தந்துதான் ஆக வேண்டும். வாப்பா ஆளை அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் தஞ்சாவூருக்கு மனு அனுப்பிக்கொண்டே இருந்தேன். சமஸ்தானம் போய், வெள்ளைக்காரன் போய், கரி அடுப்பும் போன பிறகு புளியமரத்தடி முறைப்படி பஸ் நிறுத்தமானது. என்ன காரணத்துக்காக என்ற கேள்விக்கு, பயணிகள் வசதி என்று எழுதியிருந்தேன்.

மச்சான் ஓய்வு பெறும்வரை அந்தத் தடத்தில்தான் ஓட்டினார். சில நாள் அழுதார், பல நாள் அழவில்லை. இரண்டுக்கும் யாரும் விளக்கம் கேட்கவில்லை. மரம் இப்போது இல்லை, நிறுத்தம் இருக்கிறது. ஏற ஆளில்லாவிட்டாலும் பஸ் நின்றுவிட்டுத்தான் போகிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர் அவசரத்தில், “இங்க எதுக்குங்க நிக்கிது?” என்று கண்டக்டரைக் கேட்டார்.

“ஸ்டாப்பிங் சார்” என்றார் கண்டக்டர்.

விதி தெரிந்த ஆள்.